கவாத்து செய்த வினைச்சொல் கணக்கெழுதப் போன கதை: லத்தீன் 'புட்டாரே'

கொடிப்பந்தல் எழுதியது:

சொல்லாய்வு என்றாலே நாம் பெயர்ச்சொற்களைத்தான் துரத்திக்கொண்டிருக்கிறோம். ஒரு மாறுதலுக்கு ஒரு வினைச்சொல்லைப் பிடிப்போம். அதன் பிள்ளைகுட்டிகள் ஐரோப்பாவில் எந்தெந்த வீட்டில் என்ன வேலை பார்க்கின்றன என்று ஆளுக்குக் கொஞ்சம் சொல்லுங்கள். நான் எடுத்திருப்பது லத்தீன் 'புட்டாரே'.

ரோமானிய அரசியல்வாதி கேட்டோ கி.மு. 160 வாக்கில் பண்ணை நடத்துவது பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இந்த வினை இரண்டு வேலை செய்கிறது. ஓரிடத்தில், திராட்சைக் கொடிகளையும் மரங்களையும் காலத்தோடு 'புட்டாரே' செய்யத் தொடங்கு என்கிறார். அங்கே பொருள் கவாத்து செய்வது: காய்ந்ததையும் வேண்டாததையும் நறுக்கிவிடுவது. இன்னோரிடத்தில், பண்ணையைப் பார்க்க வரும் முதலாளியின் கடமைகளைச் சொல்கிறார். பணக் கணக்கு, தானியக் கணக்கு, திராட்சை மதுக் கணக்கு, எண்ணெய்க் கணக்கு எல்லாவற்றையும் அவர் 'புட்டாரே' செய்ய வேண்டுமாம். அதாவது கணக்கை நேர் செய்து முடிப்பது.

கொடிக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வி அவர்களுக்கே வந்திருக்கிறது. கேட்டோவுக்கு ஒரு நூற்றாண்டு பிந்திய ரோமானிய அறிஞர் வர்ரோ ஒரு விளக்கம் எழுதி வைத்தார். புட்டாரே என்றால் 'சுத்தமாக்குதல்'. மரத்தைச் சுத்தமாக்குபவன் 'புட்டாட்டோர்'. கூட்டுத்தொகை குழப்பமில்லாமல் சுத்தமாகும்போது கணக்கு 'புட்டாரே' ஆகிறது. சொற்களைத் தெளிவாக அடுக்கிப் பேசினால் அது 'டிஸ்புட்டாரே'. பழங்கால ஆசிரியர்களின் வேர்ச்சொல் விளக்கங்களில் பாதி கற்பனைதான். வர்ரோவும் அதில் சளைத்தவர் இல்லை. ஆனால் இந்த ஒன்றை இன்றைய ஆய்வாளர்களில் பலரும் பெரிதாக மறுப்பதில்லை.

அப்புறம் ஒரு படி மேலே. கணக்குப் பார்ப்பது 'மதிப்பிடுவது' ஆகி, மதிப்பிடுவது 'நினைப்பது' ஆனது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டிலேயே 'புட்டோ' என்றால் 'நான் நினைக்கிறேன்' என்பது சாதாரணப் பேச்சு. கி.பி. 79இல் பேரரசர் வெஸ்பாசியன் சாகப்போகிற நேரத்தில், "ஐயோ, நான் கடவுளாகிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்" என்று நக்கலாகச் சொன்னதாக வரலாற்றாசிரியர் ஸ்வெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். இறந்த பேரரசர்களைக் கடவுளாக அறிவிக்கும் வழக்கத்தின் மீது அடித்த நக்கல் அது. அந்த வரியில் வரும் 'நினைக்கிறேன்' இதே புட்டோதான்.

அரிவாளில் தொடங்கி, பேரேட்டைத் தொட்டு, மண்டைக்குள் போய் உட்கார்ந்த வினை. இனி நீங்கள்.

நாலாம்_வாய்ப்பாடு எழுதியது:

அப்படியென்றால் கம்ப்யூட்டர், ஆம்புடேஷன், ரெப்யுடேஷன் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளா? டெபுடி கலெக்டர்கூட?

கொடிப்பந்தல் எழுதியது:

ஆமாம், டெபுடி கலெக்டரும்தான்.

'அம்பி' என்றால் சுற்றி. சுற்றிலும் நறுக்கினால் 'அம்புட்டாரே', அதிலிருந்து ஆம்புடேஷன். பழைய அரிவாள் பொருளை ஒட்டுமொத்தமாகக் காப்பாற்றி வைத்திருப்பது இந்த மருத்துவச் சொல்தான். 'கொம்' சேர்ந்தால் ஒன்றுசேர்த்துக் கணக்கிடுதல், 'கொம்புட்டாரே'. 'ரே' சேர்ந்தால் திரும்பத் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தல். பிறகு ஒருவரைப் பற்றி ஊர் போட்டு வைத்திருக்கும் மதிப்பு. 'இம்புட்டாரே' ஒருவர் கணக்கில் எழுதிவிடுதல். பழியை இன்னொருவர் தலையில் எழுதுவதற்கு ஆங்கிலம் அதை இன்றும் பயன்படுத்துகிறது. 'டேபுட்டாரே' என்றால் 'இன்ன வேலைக்கு என்று கருதி ஒதுக்குதல்'. அப்படி ஒதுக்கப்பட்டவர் டெபுடி. பிரான்சில் நாடாளுமன்ற உறுப்பினரே 'டேப்யுட்டே'தான்.

இவையெல்லாம் படித்தவர்கள் ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டவை. அதனால் உருவம் அவ்வளவாகக் கெடவில்லை. மக்கள் வாயிலேயே தலைமுறை தலைமுறையாகப் புழங்கி வந்த பிள்ளைகள் தனி. அவர்களைப் பார்த்தால் அடையாளமே தெரியாது. பிரெஞ்சு, ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் யாராவது வாருங்கள்.

செய்ன்_கரை எழுதியது:

வந்தேன். பாரிசில் இருக்கிறேன், இருபது வருடப் பிரெஞ்சு. இந்தச் சொல் பிள்ளைகளின் சொல்வதெழுதுதலில் படுத்தும் பாடு தெரிந்தவன்.

'கொம்புட்டாரே'யில் நடுவில் இருக்கும் 'உ' அழுத்தம் இல்லாதது. பேச்சில் அது முதலில் விழுந்தது. கொம்ப்டாரே, கொன்டாரே என்று தேய்ந்து, பழைய பிரெஞ்சில் 'கொன்டேர்' ஆனது. அந்தக் காலத்தில் அந்த ஒரே வினைக்கு இரண்டு பொருள்: எண்ணுவது, கதை சொல்வது. ஆடுகளை ஒவ்வொன்றாக எண்ணுவதும் நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்வதும் ஒரே மாதிரி வேலை என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

பிறகு இடைக்காலத்தில் லத்தீன் படித்த எழுத்தர்கள் புகுந்தார்கள். எண்ணும் பொருளுக்கு மட்டும் லத்தீனைப் பார்த்து 'ம', 'ப' இரண்டையும் எழுத்தில் திருப்பிச் செருகினார்கள். உச்சரிப்பில் அந்த 'ப' கிடையாது, இன்றுவரை கிடையாது. கதை சொல்லும் பொருள் பழைய எழுத்திலேயே நின்றுவிட்டது. இப்படி ஒரே வினை தாளில் இரண்டாகப் பிரிந்தது. காதுக்கு இரண்டும் 'கோன்டே'தான்.

இதற்கு மேல் ஒரு வம்பு. 'கோன்ட்' என்ற ஒலிக்கு மூன்று பெயர்ச்சொற்கள் உண்டு. ஒன்று கணக்கு. ஒன்று கதை, பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697இல் வெளியிட்ட தேவதைக் கதைத் தொகுப்பின் தலைப்பில் இருப்பது இதுதான். மூன்றாவது கோமான் என்ற பட்டம். மூன்றுக்கும் எழுத்து வேறு, ஒலி ஒன்று. முதல் இரண்டும் உடன்பிறப்புகள். மூன்றாவது வெளியாள்: 'கூடப் போகிறவன்' என்ற பொருளுள்ள 'கோமெஸ்' என்ற லத்தீன் சொல்லின் வாரிசு. அரசனோடு கூடப் போனவன் கோமான் ஆனான். ஆங்கிலத்திலும் இதே குழப்பம் இருக்கிறது. எண்ணுகிற 'கவுன்ட்' நம் புட்டாரே குடும்பம். டிராகுலாவுக்கு முன்னால் போடும் 'கவுன்ட்' இல்லை.

மாட்ரிட்_மல்லி எழுதியது:

ஸ்பானிஷ் இவ்வளவு சிக்கல் பண்ணவில்லை. 'கொன்டார்' ஒரே சொல், ஒரே எழுத்து, இரண்டு பொருளும் அதிலேயே. பத்து வரை எண்ணு என்றாலும் கொன்டார், நேற்று என்ன நடந்தது சொல்லு என்றாலும் கொன்டார். போர்ச்சுகீசியமும் அப்படியே. இத்தாலியன் மட்டும் எண்ணுவதற்கு 'கொன்டாரே', சொல்வதற்கு 'ரக்கொன்டாரே' என்று முன்னொட்டு வைத்துப் பிரித்துக்கொண்டது.

இதை ஸ்பானிஷ் வகுப்பில் வினைத் திரிபு மனப்பாடம் செய்யும்போது யாரும் சொல்லித் தருவதில்லை: 'நாங்கள் எண்ணுகிறோம்' என்பதற்கு 'கொன்டாமோஸ்', 'நான் எண்ணுகிறேன்' என்பதற்கு 'க்வென்டோ'. ஏன் இந்த 'க்வெ'? லத்தீனின் குறில் 'ஒ' மீது அழுத்தம் விழுந்தால் ஸ்பானிஷில் அது 'வெ' என்று உடையும். அழுத்தம் அடுத்த அசைக்குப் போய்விட்டால் உடையாது. 'ஒழுங்கற்ற வினை' என்று பட்டியல் போட்டு மாணவர்களை மிரட்டுகிறார்கள். இத்தனை ஒழுங்காக ஒரு விதியைப் பின்பற்றும் வினைக்கு அந்தப் பெயர் அநியாயம்.

அதிலிருந்து வந்த பெயர்ச்சொற்கள்: 'க்வென்டோ' என்றால் சிறுகதை. 'க்வென்டா' என்றால் கணக்கு, உணவகத்தில் கொண்டு வரும் பில், கணினியில் தொடங்கும் அக்கவுன்ட், அப்புறம் மணி. ஆமாம், மாலையில் கோக்கும் மணி. ஜெபமாலையில் ஜெபங்களை எண்ணுவது மணியைக் கொண்டுதானே? எண்ணுவதன் பெயர் மணிக்கு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் மணிக்குச் சொல்லும் 'பீட்' இதே ஜெபமாலை வழியாக வேறு கதவில் நுழைந்தது: பழைய ஆங்கிலத்தில் அதற்குப் பொருள் ஜெபம். ஸ்பானியர்கள் எண்ணுவதை எடுத்துக்கொண்டார்கள், ஆங்கிலேயர்கள் ஜெபத்தை எடுத்துக்கொண்டார்கள், கையில் இருப்பது ஒரே மாலை.

கொடிப்பந்தல் கேட்ட கவாத்துப் பொருள் இங்கே சாகவில்லை. முன்னொட்டு இல்லாத வெறும் புட்டாரே ஸ்பானிஷிலும் போர்ச்சுகீசியத்திலும் 'போடார்', இத்தாலியனில் 'போட்டாரே'. ஸ்பெயினின் ரியோஹா பக்கம் குளிர்காலத்தில் திராட்சைத் தோட்டத்துக்காரர்கள் செய்வது போடார்தான். கேட்டோ சொன்ன அதே வேலை, அதே சொல். 'ட்ட' இளகி 'ட' ஆனதைத் தமிழ் எழுத்திலேயே பார்க்கலாம். 'நினைக்கிறேன்' பொருளை மட்டும் இந்த மூன்று மொழிகளும் அதற்கு விடவில்லை. அந்த இடத்தை 'எடைபோடுதல்' என்ற பொருளுள்ள வேறொரு வினைக்குக் கொடுத்துவிட்டன.

ஒற்றைப்பனை எழுதியது:

நினைப்பது, அறிவு என்றெல்லாம் வருகிறது. புட்டோவும் நம் 'புத்தி'யும் ஒன்றுதானே? கேட்கவே அப்படித்தான் இருக்கிறது. ஐரோப்பியர்கள் இங்கிருந்து கொண்டு போயிருக்கலாம். இதை யாரும் பேசுவதில்லை.

கொடிப்பந்தல் எழுதியது:

பேசலாம், தாராளமாக. 'புத்தி' சமஸ்கிருத 'புத்' என்ற வேரிலிருந்து வருகிறது. பொருள் விழித்தல், உணர்தல். புத்தர் என்றால் விழித்தவர். அந்த வேரின் முதல் எழுத்து அதிர்வுள்ள 'ப'. அதற்கும் முந்திய நிலையில் மூச்சும் சேர்ந்த 'ப'. அப்படிப்பட்ட ஒலி சொல்லின் முதலில் இருந்தால் லத்தீனில் அது 'ஃப' ஆகிவிடும். சமஸ்கிருத 'ப்ராதா' லத்தீனில் 'ஃப்ராடெர்' ஆனதைப் பாருங்கள். ஆகவே புத்திக்கு லத்தீனில் உறவு இருந்தால் அது 'ஃபு' என்றுதான் தொடங்கியிருக்கும். புட்டாரேயின் 'பு' அதிர்வில்லாத வேறு 'ப'. தமிழ் எழுத்து இரண்டுக்கும் ஒரே 'ப' போடுவதால்தான் இந்த மயக்கம்.

உறவு வேண்டுமென்றால் வேறொன்று தருகிறேன். 'சுத்தம்' என்ற பொருளுள்ள லத்தீன் 'பூருஸ்' சமஸ்கிருத 'பூ' (தூய்மையாக்கு) என்ற வேரோடு நேரடி உறவு. அந்த வேரிலிருந்து 'புனீத', 'பவித்ர' வந்தன. தமிழுக்குள் புனிதமாகவும் பவித்திரமாகவும் நுழைந்தன. புட்டாரேயையும் அந்த வேரிலேயே வைப்பவர்கள் உண்டு. வர்ரோ சொன்னதும் அதுதானே. ஆக, புத்தி கையை விட்டுப் போனாலும் புனிதம் கிடைக்கிறது.

ஒற்றைப்பனை எழுதியது:

சரி, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 'எண்ணு' பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

பேரேடு_பெருமாள் எழுதியது:

இவர் கேட்டதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. தமிழில் 'எண்' என்றால் இலக்கம். 'எண்ணு' என்றால் ஒன்று இரண்டு என்று எண்ணுவது, நினைப்பதும் அதுவே. "எண்ணித் துணிக கருமம்" என்பதில் யாரும் விரல் விட்டு எண்ணச் சொல்லவில்லை. ரோமானியன் கணக்கிலிருந்து நினைப்புக்குப் போன அதே வழியில் தமிழனும் தனியாகப் போயிருக்கிறான். இதில் கடன் ஒன்றும் இல்லை, உறவும் இல்லை. 'கணி' என்பதையும் பாருங்கள், 'மதி' என்பதையும் பாருங்கள்: அளவிடுவதும் கருதுவதும் பக்கத்துப் பக்கத்து வீடு.

கணக்கிலிருந்து கதைக்குப் போகும் இன்னொரு வழியில் ஜெர்மானிய மொழிகள் போயின. ஜெர்மனில் எண்ணுவது 'ட்ஸேலன்', கதை சொல்வது 'எர்ட்ஸேலன்'. டச்சில் 'டெலன்', 'ஃபெர்டெலன்'. ஆங்கிலத்தில் 'டெல்' என்றால் இன்று சொல்வது மட்டும்தான். முன்பு எண்ணுவதும் அதுதான். வங்கியில் பணம் எண்ணித் தருபவரை 'டெல்லர்' என்பது அந்தப் பழைய பொருளின் மிச்சம். இவை லத்தீனிலிருந்து வந்தவை இல்லை, சொந்தச் சரக்கு. எபிரேயத்திலும் எண்ணுக்கும் கதைக்கும் ஒரே மூன்றெழுத்து வேர்.

வரிசையாக ஒன்றையும் விடாமல் எடுத்துச் சொல்வது. கணக்குப்பிள்ளைக்கும் கதைசொல்லிக்கும் தொழில் தர்மம் அதுதான்.

மட்டுநகரான் எழுதியது:

வணக்கம் எல்லோருக்கும். நீங்கள் பாரிஸ், மாட்ரிட் எல்லாம் சுற்றிவிட்டு எங்கள் ஊர்ப் பக்கம் வராமல் விட்டால் எப்படி?

எங்கள் அப்பம்மா கடைசி வரைக்கும் ஒஃபிஸ் என்று சொன்னதில்லை. 'கந்தோர்' என்றுதான் சொல்லுவா. "கொப்பர் கந்தோருக்குப் போயிட்டார்." தபால் கந்தோர், கச்சேரிக் கந்தோர். இலங்கைத் தமிழர்களில் வயதானவர்களைக் கேட்டால் எல்லோருக்கும் தெரியும். சிங்களத்தில் 'கந்தோருவ' இப்பவும் உயிரோடுதான் இருக்கிறது.

இது டச்சுக்காரர் விட்டுப் போனது. டச்சில் அலுவலகத்துக்கு 'கன்டோர்'. அவர்கள் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து, 1796 வரைக்கும் கரையோரத்தை ஆண்டார்கள். டச்சுக்காரருக்கு அந்தச் சொல் பிரெஞ்சு 'கோன்ட்வார்' வழியாக வந்தது: காசு எண்ணும் மேசை, பிறகு அந்த மேசை இருக்கிற அறை. அந்தப் பிரெஞ்சுச் சொல் செய்ன்_கரை சொன்ன எண்ணும் 'கோன்டே'யிலிருந்து வந்தது. ஆகவே கேட்டோவின் திராட்சைக் கொடி எங்கள் அப்பம்மாவின் வாய் வரைக்கும் வந்திருக்கிறது.

டச்சுக்காரர் கிழக்கே கொண்டுபோன இடத்திலும் அதே கதை. இந்தோனேசியாவில் அலுவலகம் 'கன்டோர்', தபால் அலுவலகம் 'கன்டோர் போஸ்'.

இன்னொன்றும் சொல்ல வேணும். கதையிலிருந்து பேச்சு வருவதைப் பற்றி. எங்கள் ஊரில் நாங்கள் பேசுவதில்லை, கதைக்கிறோம். தமிழ்நாட்டுச் சிநேகிதர்கள் "என்ன கதை விடுறீங்களா?" என்று சிரிப்பார்கள். ஸ்பானிஷில் பேசுவதற்கு என்ன சொல், மல்லி அக்கா?

மாட்ரிட்_மல்லி எழுதியது:

'அப்லார்'! நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிந்துவிட்டது. லத்தீனில் 'ஃபாபுலா' என்றால் கதை. 'ஃபாபுலாரி' என்றால் கதைபோல உரையாடுவது. அது ஸ்பானிஷில் 'அப்லார்', போர்ச்சுகீசியத்தில் 'ஃபலார்'. ஸ்பானிஷ் முதல் 'ஃப'வை விழுங்கிவிட்டு எழுத்தில் மட்டும் ஒரு ஊமை எழுத்தை அதன் நினைவாக வைத்திருக்கிறது. ஆக மட்டக்களப்பிலும் மாட்ரிட்டிலும் மக்கள் கதைக்கிறார்கள். பிரெஞ்சும் இத்தாலியனும்கூடத் தப்பவில்லை. 'பார்லே', 'பார்லாரே' இரண்டும் உவமைக் கதை என்ற பொருளுள்ள 'பரபோலா'விலிருந்து வந்தவை. பேசுவதற்கென்று இருந்த செவ்வியல் லத்தீன் வினை 'லோக்வி' பேச்சு மொழிகள் எதிலும் பிழைக்கவில்லை.

செய்ன்_கரை எழுதியது:

மட்டுநகரான், அந்த 'கோன்ட்வார்' தமிழ்நாட்டுப் பக்கமும் இறங்கியிருக்கிறது, சொல்லாக இல்லை, இடமாக. பிரெஞ்சுக்காரர்கள் இந்தியாவில் வைத்திருந்த ஐந்து ஊர்களை 'ஐந்து கோன்ட்வார்கள்' என்றுதான் சொல்வார்கள்: புதுச்சேரி, காரைக்கால், ஏனாம், மாஹே, சந்திரநாகூர். வியாபாரக் கிட்டங்கி என்ற பொருளில். இங்கே இன்று கோன்ட்வார் என்றால் காபிக் கடையில் நின்றுகொண்டே குடிக்கும் அந்த உயரமான மேசை.

வட ஐரோப்பாவுக்கும் இது போனது. இடைக்கால வட ஜெர்மன் வணிகக் கூட்டமைப்பான ஹன்சாவின் வணிகர்கள் பெர்கன், ப்ரூஹ, லண்டன், நோவ்கொரொட் ஆகிய நான்கு ஊர்களில் வைத்திருந்த பெரிய நிலையங்களுக்கு 'கொன்டோர்' என்று பெயர். ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வேஜியனில் அலுவலகத்துக்கு இன்றும் 'கொன்டோர்'தான். ரஷ்யனில் 'கொன்டோரா', ஆனால் அதில் கொஞ்சம் ஏளனம் ஒட்டியிருக்கும்.

நாலாம்_வாய்ப்பாடு எழுதியது:

அப்போ டிக்கெட் கவுன்டர்?

பேரேடு_பெருமாள் எழுதியது:

அதே மேசை. பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் 'கவுன்டர்' ஆனது. டச்சுக்குப் போய்க் கந்தோர் ஆனது. ரயில் நிலையத்து கவுன்டரும் மட்டக்களப்புக் கந்தோரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். அக்கவுன்டும் டிஸ்கவுன்டும் இதே குடும்பம். ஆடித் தள்ளுபடிப் பலகையில் தொங்குவதும் கேட்டோவின் கொடிதான்.

ஆனால் கவுன்டர் என்று காதில் விழுவதையெல்லாம் இதில் சேர்த்துவிட வேண்டாம். ஒருவர் பேசியதற்குப் பதிலடியாகக் கொடுக்கும் கவுன்டர் வேறு. அது 'எதிரே' என்ற பொருளுள்ள லத்தீன் 'கொன்ட்ரா'விலிருந்து வந்தது. போலீஸ் செய்யும் என்கவுன்டரும் அந்த வகை: எதிரெதிரே சந்தித்தல். மூன்றாவதாக ஒரு கவுண்டர் கொங்கு நாட்டில் இருக்கிறார். அவருக்கும் லத்தீனுக்கும் எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லை.

இதே கொன்ட்ரா, புட்டாரே வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த ஒரு சம்பவம் உண்டு. தணிக்கைத் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். இந்திய அரசின் தலைமைத் தணிக்கையாளரை சி.ஏ.ஜி. என்கிறோமே, அதில் முதல் எழுத்து எதைக் குறிக்கிறது? அரசியலமைப்பின் 148ஆவது பிரிவில் அது எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். 'கன்ட்ரோலர்' என்று வாசிக்க வேண்டிய சொல்லின் நடுவில் ஒரு 'ம', ஒரு 'ப'. இது கணக்கு சம்பந்தப்பட்ட பதவி, ஆகவே 'கோன்ட்' என்ற கணக்குச் சொல்லிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று இடைக்கால எழுத்தர்கள் அனுமானித்து எழுத்தைத் திருத்திவிட்டார்கள். உண்மையில் அது 'எதிர்ச் சுருள்': கணக்குச் சுருளுக்கு இன்னொரு படி வைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒப்பிட்டுப் பார்ப்பவர் கன்ட்ரோலர். அந்தப் 'ப' வந்தது பிழையாக, நின்றது சட்டமாக. பதவிப் பெயரின் அடுத்த பாதியான 'ஆடிட்டர்' என்றால் லத்தீனில் 'கேட்பவர்'. கணக்கை ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் கேட்டுச் சரிபார்த்த காலத்தின் மிச்சம்.

நிலா_நாட்காட்டி எழுதியது:

கம்ப்யூட்டருக்கு இன்னும் யாரும் வரவில்லை, நான் வருகிறேன்.

இடைக்கால ஐரோப்பாவில் கொம்புட்டாரேயின் மிகப் பெரிய வேலை ஒரு நாளைக் கண்டுபிடிப்பது. ஈஸ்டர் என்றைக்கு? வசந்த சம இரவு நாளாகத் திருச்சபை வைத்துக்கொண்ட மார்ச் 21, அன்றோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவு, அதற்கடுத்த ஞாயிறு. சூரியனையும் சந்திரனையும் வாரத்தையும் ஒன்றாகக் கட்டும் வேலை. பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்கு இதில் உள்ள தலைவலி புரியும். இந்தக் கணக்குக்குப் பெயர் 'கொம்புட்டுஸ்'. இங்கிலாந்துத் துறவி பீட் 725இல் காலக் கணிப்பு பற்றி எழுதிய நூல்தான் நூற்றாண்டுகளுக்கு இதற்குப் பாடநூல்.

ஆங்கிலத்தில் 'கம்ப்யூட்டர்' 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்கிறது, கணக்குப் போடும் ஆள் என்ற பொருளில். கடலோடிகளுக்கான நிலா அட்டவணைகளை பிரிட்டன் 1767ஆம் ஆண்டுக்கானதிலிருந்து வெளியிடத் தொடங்கியபோது, வானியலாளர் நெவில் மாஸ்கிலின் நாட்டின் பல மூலைகளில் இருந்த மனிதக் கம்ப்யூட்டர்களுக்கு அஞ்சலில் கணக்கு அனுப்பி வாங்கினார். ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்ப்பார். கணித மேதை ட்யூரிங் 1936இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கம்ப்யூட்டர் என்று வருவதும் தாளும் பென்சிலும் வைத்திருக்கும் மனிதர்தான். காதரின் ஜான்சன் 1953இல் அமெரிக்காவின் லாங்லி விமானவியல் ஆய்வகத்தில் சேர்ந்தது இந்தப் பதவியில்தான். 1962இல் விண்வெளி வீரர் ஜான் க்ளென் பூமியைச் சுற்றப் போகும் முன், இயந்திரம் போட்ட கணக்கை அந்தப் பெண் சரிபார்க்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். பெயர் ஆளிடமிருந்து இயந்திரத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது.

இதில் வேடிக்கை பிரான்ஸ். கணக்குக்கும் கதைக்கும் இந்த வினையை நம்பியிருக்கும் மொழி, இயந்திரத்துக்கு மட்டும் வேண்டாம் என்றது. ஐ.பி.எம்மின் பிரான்ஸ் கிளை 1955இல் சோர்போன் லத்தீன் பேராசிரியர் ழாக் பெரேயிடம் ஒரு பெயர் கேட்டது. அவர் 'ஒழுங்குபடுத்துபவர்' என்ற பொருளில் 'ஒர்டினாட்டர்' என்று எழுதி அனுப்பினார். உலகுக்கு ஒழுங்கு தரும் கடவுளைக் குறிக்க இருந்த பழைய சொல் அது. ஸ்பெயின் பிரான்சைப் பார்த்து 'ஒர்டெனடோர்' என்றது. லத்தீன் அமெரிக்கா வட அமெரிக்காவைப் பார்த்து 'கொம்புடடோரா' என்றது. ஒரே மொழி, நடுவில் அட்லாண்டிக்.

பெருமாள் ஐயா சொன்ன எண்-கதை உறவுக்கு இன்னொரு சாட்சி: ஐஸ்லாந்தில் கம்ப்யூட்டருக்கு 'ட்யோல்வா'. எண் என்றும் பேச்சு என்றும் பொருளுள்ள 'டாலா'வையும், குறி சொல்பவள் என்ற 'வ்யோல்வா'வையும் சேர்த்து உண்டாக்கியது. எண்களின் குறத்தி! நம்முடைய 'கணினி' எனக்குப் பிடிக்கும், ஆனால் இதைக் கேட்டபின் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது.

ஒற்றைப்பனை எழுதியது:

ருமேனியாவை விட்டுவிட்டீர்கள். அதுவும் லத்தீன் பிள்ளைதானே.

கொடிப்பந்தல் எழுதியது:

அங்கே இதன் கதை கொஞ்சம் வினோதம். கொம்புட்டாரே ருமேனியனில் 'கும்பெட்டா' ஆனது. பொருள் அளவோடு இருத்தல், தன்னை அடக்கிக்கொள்ளுதல். 'கும்பெட்டாட்' என்றால் மிதமானவர், அளவறிந்து நடப்பவர். கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவனைப் பற்றி நாம் சொல்வோமே, அந்தத் திசையில் போயிருக்கிறது. எண்ணும் வேலைக்கு அவர்கள் 'எண்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வேறு வினை வைத்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. ஜெர்மனிக்காரர்கள் யாரும் வரவில்லையா?

ரைன்_தோட்டக்காரி எழுதியது:

இங்கே இருக்கிறேன். மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், 'இம்ப்ஃபன்' யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

வங்கிக் கணக்குக்கு ஜெர்மனில் 'கொன்டோ'. இத்தாலிய வணிகர்களின் கணக்கெழுதும் முறையோடு சேர்ந்து வந்த சொல், அதில் பெரிய சுவாரசியம் இல்லை. சுவாரசியம் தடுப்பூசியில். தடுப்பூசி போடுவது 'இம்ப்ஃபன்'. கொரோனா காலத்தில் இங்கே எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்தச் சொல்தான். அதன் பழைய பொருள் செடிக்கு ஒட்டுக் கட்டுவது. லத்தீன் 'இம்புட்டாரே' தோட்டக்காரர்கள் வாயில் 'வெட்டிச் செருகுதல்' என்று புழங்கி, பழைய ஜெர்மனுக்குள் வந்தது. நடுவதற்கும் ஒட்டுக்கும் கிரேக்கத்தில் 'எம்ஃபு' என்று தொடங்கும் சொற்கள் இருந்தன. அவற்றின் சாயலும் இதில் ஏறியிருக்கிறது. பிரெஞ்சில் ஒட்டுக் கட்டுவதற்குச் சொல்லும் 'ஆன்டே' இதன் அக்கா.

மரத்தின் பட்டையில் கீறி இன்னொரு மரத்தின் துளிரைச் செருகுவதற்கும், தோலைக் கீறி அம்மைப் பாலை வைப்பதற்கும் கை செய்யும் வேலை ஒன்றுதான். அதனால் 18ஆம் நூற்றாண்டில் அம்மைக்கு எதிராக இந்த முறை ஐரோப்பாவில் பரவியபோது ஜெர்மன்காரர்கள் தோட்டத்துச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர்களும் அதையே செய்தார்கள், வேறு சொல்லை வைத்து: 'இனாக்யுலேட்' என்பதில் இருக்கும் 'ஓகுலுஸ்' லத்தீனில் கண். மொட்டைத்தான் கண் என்றார்கள். கரும்புக்கும் உருளைக்கிழங்குக்கும் நாமும் கண் என்றுதானே சொல்கிறோம்.

நாலாம்_வாய்ப்பாடு எழுதியது:

ஒட்டு மாங்கன்றும் தடுப்பூசியும் ஒரே வினை! சரி, அடுத்த இழை நான் தொடங்கட்டுமா? 'ஃபாசெரே', செய்தல் என்ற லத்தீன் வினை. ஃபாக்டரி அதில் வருகிறது, ஆஃபிஸ்கூட அதில்தான் வருகிறது என்று படித்தேன். மட்டுநகரான் அண்ணா கந்தோரோடு தயாராக இருங்கள்.

மட்டுநகரான் எழுதியது:

தொடங்குங்கோ தம்பி. ஆனால் 'கக்கூசு' டச்சுச் சொல் என்று யாராவது இங்கே சொல்ல வருவார்கள், அதற்குத் தனி இழை போட்டுவிடுங்கோ.